ரிச்சி தெரு சாமானில் ஸ்ப்ரே எட்சிங் மெஷின்: எந்தப் பாகம் தேறும், எது காலை வாரும்?

வீட்டிலேயே பி.சி.பி. (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) போடுகிறவர்களுக்குச் சென்னையில் சாமான் தட்டுப்பாடு கிடையாது. காப்பர் போர்டுக்கு ரிச்சி தெரு, ரசாயனத்துக்கு நைனியப்ப நாயக்கன் தெரு, பம்புக்கு லிங்கிச் செட்டித் தெரு, பைப்புக்கு வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடை. இந்தச் சுற்றுக்குள்ளேயே, வேண்டாத காப்பரைத் திரவம் பீச்சி அரித்தெடுக்கும் ஒரு ஸ்ப்ரே எட்சிங் மெஷினுக்குத் தேவையான எல்லாமே கிடைத்துவிடும். கிடைக்கிற எல்லாம் காப்பரை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடுக்குத் தாங்குமா என்றால், தாங்காது. "கெமிக்கலுக்கும் ஓடும் சார்" என்று எடுத்து நீட்டப்படும் பல பாகங்கள் சில வாரங்களில் பல்லிளித்துவிடும். அதனால் மெஷினை மொத்தமாக மதிப்பிடாமல் பாகம் பாகமாக மதிப்பிடுகிறோம்.

எங்கள் தீர்ப்பு இதுதான். பெட்டி அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பம்பும் நாசிலும் (பீச்சும் முனை) ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும், திரவம் தொடும் இடத்தில் உலோகம் என்று ஒன்று இருக்கவே கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிய மெஷினும் நல்ல போர்டு கொடுக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும், பார்த்துப் பார்த்து அக்ரிலிக்கில் கட்டிய மெஷின் திரவத்தைக் காற்றால் கலக்கும் சாதாரண குமிழி டேங்கைவிட மோசமாக வேலை செய்யும்.

யாருக்கு இது தேவை

ஒரு அவுன்ஸ் போர்டில் காப்பரின் தடிமன் 35 மைக்ரான். தட்டில் ஊற்றி ஆட்டும்போது, ஆழத்தில் எவ்வளவு அரிக்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவு பக்கவாட்டிலும் அரிக்கும். 0.2 மி.மீ. டிராக் (காப்பர் பாதை) ஒன்று இரண்டு பக்கமும் 35 மைக்ரான் இழந்தால் மிஞ்சுவது 0.13 மி.மீ. ஸ்ப்ரேயில் துளிகள் செங்குத்தாக மோதிப் பழைய திரவத்தை அடித்துத் தள்ளுவதால் அடிப்பக்கம் வேகமாகக் கரைகிறது, பக்கச் சுவர் அந்த அளவுக்குக் கரைவதில்லை. நன்றாக அமைத்த மெஷினில் பக்க இழப்பு 15 மைக்ரான் அளவில் நிற்கும். அதே டிராக் 0.17 மி.மீ. இருக்கும். 0.5 மி.மீ. பிட்ச் (அதாவது 0.5 மி.மீ.க்கு ஒரு கால்) ஐ.சி. ஒட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி.

நேரத்திலும் லாபம் உண்டு. புதுத் திரவத்தில் தட்டு முறைக்கு 20 முதல் 30 நிமிடமும் குமிழி டேங்குக்கு 8 முதல் 12 நிமிடமும் ஆகும் என்றால், 45 டிகிரி சூட்டில் ஸ்ப்ரேக்கு 2 முதல் 3 நிமிடம் போதும். ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு போர்டு, அதுவும் அரை மி.மீ. டிராக்கும் பெரிய கால்களுள்ள டிப் ஐ.சி.யும்தான் என்றால் இதைக் கட்டாதீர்கள். மீன்தொட்டி ஏர் பம்ப் வைத்த குமிழி டேங்க் போதும். நிறைய வையா (அடுக்குகளை இணைக்கும் துளை) உள்ள இரண்டு அடுக்கு போர்டு என்றால் துளைகளுக்குள் காப்பர் முலாம் வேண்டும். அதை வீட்டில் செய்வது கடினம், வெளியே கொடுப்பதுதான் சரி. ஒரே அடுக்கு அல்லது வையா குறைந்த இரண்டு அடுக்கு, நுண்ணிய டிராக், இன்றே வேண்டும் என்கிற வேலைக்குத்தான் இந்த மெஷின்.

பம்ப்

ஏர் கூலர் பம்ப் வேண்டாம். 18 வாட் பம்ப் தண்ணீரை ஒன்றரை, ஒன்றேமுக்கால் மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளும், அதாவது 0.15 முதல் 0.18 பார். அந்த அழுத்தத்தில் திரவம் வழியும், தெறிக்காது. அதைவிட முக்கியமாக, 230 வோல்ட் ஓடும் ஒயரை அரிக்கும் திரவத்துக்குள் முக்கி வைப்பது ஆபத்து. விலை குறைவு என்பதற்காக இதை யாரும் வாங்கக்கூடாது.

வாஷிங் மெஷின் ட்ரெயின் பம்ப் கொஞ்சம் தேவலை. மோட்டார் வெளியே இருக்கும், இம்பெல்லர் பிளாஸ்டிக், அளவு தாராளமாக வரும். ஆனால் அழுத்தம் குறைவு என்பதால் நாசிலுக்கு ஒத்துவராது, துளையிட்ட பைப்புக்கு மட்டும்தான். ஷாஃப்ட் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஃபெர்ரிக் குளோரைடுக்கு 304, 316 என்ற கிரேடு பேதமெல்லாம் கிடையாது, இரண்டையும் புள்ளி புள்ளியாகக் குடைந்துவிடும். தொடர்ந்து ஓட வடிவமைத்த பம்பும் அல்ல. சில நிமிடம் ஓட்டி ஆறவிடவேண்டும். தற்காலிகத்துக்குச் சரி.

ஆர்.ஓ. பூஸ்டர் பம்ப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், ஏனென்றால் தெருவுக்குத் தெரு ஆர்.ஓ. சர்வீஸ் கடை இருக்கிறது. அழுத்தம் தாராளம். ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தேறாது. எட்சிங்குக்கு அழுத்தத்தோடு அளவும் வேண்டும். தேறாது.

சிக்கன பட்ஜெட்டில் நாங்கள் பரிந்துரைப்பது முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்ப்ரேயரில் வரும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மாடலைப் பொறுத்து நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் என்று லேபிளில் போட்டிருக்கும், நாசில் மாட்டிய பிறகு 3 லிட்டரை நம்பலாம். மோட்டாருக்கும் திரவத்துக்கும் இடையே ரப்பர் டயஃப்ரம் இருப்பதால் ஷாஃப்ட் நனைவதே இல்லை. ஆனால் வாங்கியதும் அப்படியே மாட்டக்கூடாது. தலைப்பகுதி ஸ்க்ரூக்களைக் கழற்றித் திறந்து பாருங்கள். மேல் மூடி, அதற்குக் கீழே வால்வு ரப்பர் உள்ள தட்டு, அதற்கும் கீழே மூன்று குமிழ்களாகப் பிரிந்த டயஃப்ரம் தெரியும். ஒவ்வொரு குமிழின் நடுவிலும் பிஸ்டனைப் பிடிக்கும் ஸ்க்ரூ இருக்கிறது. அதன் தலை ஈரப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தால் அந்த மாடலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தொப்பிக்குள் மறைந்திருந்தால் சரி. மூடியின் ஓரத்தில் உள்ள பிரஷர் ஸ்விட்சில் ஸ்பிரிங் இருக்கும், அது தன் சின்ன ரப்பருக்குப் பின்னால் உலர்ந்த பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

அடுத்தது, உடல் எந்தப் பிளாஸ்டிக் என்ற கேள்வி. பாலிப்ரொப்பிலீன் தாங்கும். நைலானை அமிலத்தன்மையுள்ள இந்தத் திரவம் மெல்ல மெல்லப் பொடியவைக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூடியின் ஓரத்திலிருந்து பிளேடால் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், கவலையில்லை. மூழ்கினால் நைலானாக இருக்கலாம், கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீனாகவும் இருக்கலாம். சந்தேகமிருந்தால் மூடியைக் கழற்றி ஒரு வாரம் ஃபெர்ரிக் குளோரைடில் ஊறப்போட்டு, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேற்பரப்பு மாவாக வந்தால் வேண்டாம்.

இந்தப் பம்பில் இன்னொரு தொல்லை: நாசில் துளை சிறியதாக இருந்தால் அழுத்தம் ஏறிப் பிரஷர் ஸ்விட்ச் அணைக்கும், உடனே இறங்கி மறுபடி போடும். கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஸ்ப்ரேயும் விட்டு விட்டு வரும். ஸ்விட்சை ஷார்ட் செய்வது தீர்வல்ல, அடைப்பு வந்தால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். பம்பின் வெளிவாயில் ஒரு 'T' வடிவ இணைப்பு போட்டு, ஒரு கிளையைப் பிளாஸ்டிக் வால்வு வழியாக டேங்குக்கே திருப்பிவிடுங்கள். வால்வைத் திருகி அழுத்தத்தைச் சரிசெய்யலாம், திருப்பிவிட்ட திரவம் டேங்கைக் கலக்கியும் கொடுக்கும்.

காசு போட முடிகிறவர்கள் வாங்கவேண்டியது மேக்னெடிக் டிரைவ் கெமிக்கல் பம்ப். பாலிப்ரொப்பிலீன் உடல், செராமிக் ஷாஃப்ட், மோட்டாரின் சுழற்சி காந்தம் வழியாகவே இம்பெல்லருக்குப் போகிறது, சீல் என்பதே கிடையாது. 6 முதல் 8 மீட்டர் ஹெட் (தள்ளும் உயரம்) உள்ள சிறிய மாடல் போதும். வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்லியே ஆகவேண்டிய தகவல் ஒன்று உண்டு: திரவத்தின் அடர்த்தி 1.4. தண்ணீருக்குக் கணக்கிட்ட பம்பைக் கொடுத்தால் மோட்டார் சூடாகும், அல்லது காந்தப் பிடி விட்டுப்போய் மோட்டார் மட்டும் சுற்றும், திரவம் வராது. இந்த வகைப் பம்ப் தானாக உறிஞ்சாது. அதனால் டேங்க் மட்டத்துக்குக் கீழே வைக்கவேண்டும். காய்ந்து ஓடினால் நிமிடங்களில் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) போய்விடும்.

பம்பே இல்லாமல் ஒரு வழியும் இருக்கிறது. 25 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பைச் செங்குத்தாக நிறுத்தி அடியைத் திரவத்தில் முக்கிச் சுழற்றினால், திரவம் உள்சுவரைப் பிடித்து ஏறிப் பக்கத் துளைகள் வழியே தெறிக்கும். 1500 ஆர்.பி.எம்.மில் கணக்குப்படி சுமார் 20 செ.மீ. ஏறும், 3000இல் அதைப்போல நான்கு மடங்கு. உள்ளே குறுக்குத் தகடு ஒன்று வைத்தால்தான் திரவம் பைப்போடு சேர்ந்து சுற்றும். அடைப்பு வராத எளிய அமைப்பு. ஆனால் மோட்டார் மேலே உட்கார்ந்திருப்பதால் ஆவி நேராக அதன் பேரிங்குக்குத்தான் போகும். நாங்கள் டயஃப்ரம் பம்பையே விரும்புகிறோம்.

நாசிலா, துளையிட்ட பைப்பா

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. சொட்டுநீர்ப் பாசனக் கடைகளில் கிடைக்கும் ஃபாகர் அழகாகப் பனிபோல் தூவும். பார்க்க நன்றாக இருக்கும், எட்சிங்குக்கு உதவாது. அவ்வளவு நுண்ணிய துளிக்கு மோதும் விசை கிடையாது. பழைய அடுக்கைப் பெயர்க்காமல் மேலேயே படிந்து நிற்கும். காற்றில் பறந்து திரவத்தை ஆறவும் வைக்கும், மூடி இடுக்கு வழியாக வெளியே கசிந்து அறை முழுக்கத் துருவை உண்டாக்கும். வேண்டியது கொழுத்த துளி.

பாலிப்ரொப்பிலீனில் செய்த ஃபுல் கோன் (வட்டம் முழுவதையும் நனைக்கும்) நாசில்தான் சரியான சாமான். ரிச்சி தெருவில் தேடவேண்டாம், இன்டஸ்ட்ரியல் ஸ்ப்ரே நாசில் விற்பவர்களிடம் கேளுங்கள். 60 டிகிரி கோணம், ஒன்றுக்கு நிமிடத்துக்கு 0.7 முதல் 0.8 லிட்டர். ஸ்ப்ரேயர் பம்பின் 3 லிட்டருக்கு நான்கு நாசில் கணக்கு, அதாவது பக்கத்துக்கு இரண்டு. 100க்கு 160 மி.மீ. போர்டுக்கு இரண்டு நாசிலையும் 8 செ.மீ. இடைவெளியில் வைத்து, போர்டை 12 செ.மீ. தள்ளி நிறுத்தினால் ஒவ்வொன்றும் சுமார் 14 செ.மீ. வட்டத்தை நனைக்கும், நான்கு மூலைகளும் உள்ளே வந்துவிடும். 10 செ.மீ.க்கு நெருக்கினால் வட்டம் 11.5 செ.மீ. ஆகிவிடும், மூலைகளில் காப்பர் அப்படியே நிற்கும். விவசாய ஸ்ப்ரேயரோடு வரும் நாசில் முனைகளில் பல அசெட்டால் பிளாஸ்டிக், அமிலத்தில் நாள்பட நிற்காது. பித்தளை முனை கேட்கவே வேண்டாம், கரைந்துபோகும்.

நாசில் கிடைக்காவிட்டால் துளையிட்ட சி.பி.வி.சி. பைப் கைகொடுக்கும். அரை இஞ்ச் பைப்பில் பி.சி.பி. டிரில் பிட் கொண்டே 1 மி.மீ. துளை போடுங்கள். எத்தனை துளை என்பதைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். 0.5 பார் அழுத்தத்தில் ஒரு 1 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் போகும். 3 லிட்டர் பம்புக்கு 12 துளை. ஐம்பது துளை போட்டால் அழுத்தம் படுத்துவிடும், பைப் ஷவர்போல் சொட்டும். ட்ரெயின் பம்பில் அழுத்தம் 0.2 பார் அளவில்தான் வரும், அப்போது துளைக்கு 0.15 லிட்டர். அளவு தாராளமாக இருப்பதால் 40 துளை வரை போடலாம். துளையின் உள் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பீச்சல் கோணலாகப் போகும். பைப்பின் கடைசி முனையை ஒட்டிவிடாமல் திருகு மூடி போடுங்கள், உள்ளே பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேறு வழியில்லை.

12 பீச்சல் முழு போர்டையும் மூடாது, கோடு கோடாக அரிக்கும். அதனால் போர்டோ பைப்போ ஆடவேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய கார் வைப்பர் மோட்டாரைப் பெட்டிக்கு வெளியே வைத்து, ஒரு பிளாஸ்டிக் தண்டு வழியாகப் போர்டு தாங்கியை 2 செ.மீ. முன்பின் ஆட்டினால் கோடு மறைந்துவிடும். நாசில் வைத்த மெஷினிலும் இந்த ஆட்டம் இருந்தால் நல்லதுதான்.

போர்டை எப்படி நிறுத்துவது? காப்பர் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் நடுவில் குளம் கட்டும். ஓரம் முடிந்து நடு மிச்சமிருக்கும், நடு முடியும்வரை காத்திருந்தால் ஓர டிராக் மெலியும். காப்பர் கீழே பார்க்க, கீழிருந்து மேலே அடிப்பது ஒரு பக்க போர்டுக்கு மிகச் சிறந்தது, திரவம் உடனே உதிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் அடிக்க வேண்டுமென்றால் செங்குத்தாக நிறுத்துங்கள். மேலிருந்து வழிவது கீழ்ப்பாதியை மூடுவதால் மேல்பாதி முந்திக்கொள்ளும். பாதி நேரத்தில் தலைகீழாகத் திருப்பி வைத்தால் சமமாகிவிடும்.

பெட்டி, பைப், சூடு

பெட்டிக்கு அதிகம் யோசிக்கவேண்டாம். மளிகை போட்டுவைக்கும் உயரமான பாலிப்ரொப்பிலீன் டப்பா போதும். உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டும் என்பவர்கள் 5 மி.மீ. அக்ரிலிக்கில் கட்டலாம். சால்வென்ட் ஊற்றி ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். அடித்தளம் ஒரு மூலைக்குச் சரிந்திருந்தால் 3 லிட்டரிலேயே வேலை முடியும், தட்டையான அடித்தளத்துக்கு 5 லிட்டர் கேட்கும். மூடிதான் கசியும் இடம். மூடியின் விளிம்பு பெட்டிக்கு உட்புறமாக 2 செ.மீ. இறங்கவேண்டும், அப்போதுதான் அதில் வழிவது பெட்டிக்குள்ளேயே சொட்டும். வெளியே போர்த்தும் மூடி என்றால் ஒவ்வொரு போர்டுக்கும் தரையில் மஞ்சள் கறை. மொசைக் தரையில் பட்டால் ஆக்ஸாலிக் அமிலம் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

பைப் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பிளம்பிங் கடையில் எஃப்.டி.ஏ., எம்.டி.ஏ. (உள்திருகு, வெளித்திருகு இணைப்பு) என்று கேட்டால் உள்ளே பித்தளை வளையம் வைத்ததையே 'நல்லது' என்று கொடுப்பார்கள். வீட்டுக் குழாய்க்கு நல்லதுதான். இதில் அந்தப் பித்தளை கரைந்து, திரவத்தையும் கெடுத்து, திருகும் கழன்றுவிடும். முழுப் பிளாஸ்டிக் திருகு கேட்டு வாங்கி, டெஃப்லான் டேப் சுற்றுங்கள். ஹோஸ் கிளிப்பும் ஸ்டீல் வேண்டாம், இரண்டு கேபிள் டை போதும்.

உறிஞ்சும் வாயில் வடிகட்டி கட்டாயம். டிராக்கை மூடிக் காக்கும் டோனர் (அயர்ன் பாக்ஸால் ஒட்டும் லேசர் பிரிண்டர் மை) துணுக்கும் டிரை ஃபிலிம் (ஒளியில் இறுகும் படலம்) பிசிறும்தான் நாசிலை அடைக்கும். ஸ்க்ரீன் பிரிண்டிங் சாமான் கடையில் 100 மெஷ் பாலியெஸ்டர் துணி வாங்கி, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா மீது சுற்றிக் கட்டுங்கள். நைலான் துணி இற்றுப்போகும்.

சென்னையில் சித்திரை, வைகாசியில் ஹீட்டரே தேவைப்படாது. 34, 35 டிகிரியில் திரவம் தானாகவே நிற்கும், ஒரு போர்டு நாலைந்து நிமிடத்தில் முடியும். மார்கழியில்தான் வேகம் குறைவது தெரியும். ஹீட்டர் வேண்டுமென்றால் கண்ணாடிக் குழாயில் வரும் மீன்தொட்டி ஹீட்டர் 200 வாட். 3 லிட்டரை 30லிருந்து 45க்குக் கொண்டுவரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதன் சொந்தத் தெர்மோஸ்டாட் 34 டிகிரி வாக்கில் நின்றுவிடும் என்பதால் ரிச்சி தெருவில் கிடைக்கும் டபிள்யூ1209 வெப்பக் கட்டுப்பாட்டு போர்டை வைத்துக் கட்டுப்படுத்தவேண்டும். அதோடு வரும் சென்சாரின் முனை ஸ்டீல் உறை, நேராக முக்கினால் ஓட்டை விழுந்துவிடும். ஆய்வகச் சோதனைக் குழாய் ஒன்றில் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றி, அதற்குள் சென்சாரை விட்டு, குழாயைத் திரவத்தில் நிறுத்துங்கள். 50 டிகிரியைத் தாண்டவேண்டாம், பி.வி.சி. இளகத் தொடங்கும். திரவ மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும், அதனால் படுக்கைவாட்டில் அடியில் வையுங்கள்.

மின்சாரம்: பம்பும் மோட்டாரும் 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை. அதைப் பெட்டிக்கு எட்டத்தில் சுவரில் மாட்டவேண்டும். ஹீட்டர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் அணைக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் ஓட்டவே கூடாது. மூடியில் காந்தம், பெட்டியில் ரீட் ஸ்விட்ச் வைத்தால் மூடி திறந்ததும் பம்ப் நிற்கும். சாதாரண மைக்ரோ ஸ்விட்ச் இந்த ஆவியில் பச்சை பிடித்துவிடும்.

திரவம்

ரிச்சி தெருவில் சின்னப் பாக்கெட்டுகளாக விற்பது சில்லறை வேலைக்கு. மெஷினுக்குக் கிலோக் கணக்கில் ரசாயனக் கடையில் டெக்னிக்கல் கிரேடு வாங்குங்கள், அன்ஹைட்ரஸா (நீரற்றது) ஹெக்ஸாஹைட்ரேட்டா (நீர் சேர்ந்தது) என்று கேட்டே வாங்குங்கள். அன்ஹைட்ரஸ் கருமையாகப் பளபளக்கும். ஹெக்ஸாஹைட்ரேட் மஞ்சள் பழுப்புக் கட்டி, அதன் எடையில் 60 சதவீதம்தான் ஃபெர்ரிக் குளோரைடு, மீதி தண்ணீர். 40 சதவீதக் கரைசல் 3 லிட்டர் வேண்டுமென்றால் அன்ஹைட்ரஸ் 1.7 கிலோவுக்கு 2.5 லிட்டர் தண்ணீர், அல்லது ஹெக்ஸாஹைட்ரேட் 2.8 கிலோவுக்கு 1.4 லிட்டர் தண்ணீர். கழிவுநீர் சுத்திகரிப்புக்கு விற்கும் 40 சதவீதத் திரவம் கேனில் கிடைத்தால் இந்த வேலையே மிச்சம்.

அன்ஹைட்ரஸ் கரையும்போது கடுமையாகச் சூடாகும். தண்ணீரில்தான் தூளைப் போடவேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் பக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, 50 கிராம் 50 கிராமாகப் போட்டுக் கிளறுங்கள், மொட்டை மாடியில், ஆவி முகத்தில் அடிக்காதபடி காற்று வரும் பக்கம் நின்று. அமில ஆவி வரும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பும் காரத்தன்மையும் துரு மண்டியாகப் படியும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள். பிரித்த பாக்கெட்டை நம் ஊர் ஈரக்காற்றில் வைத்தால் ஒரே இரவில் கசிய ஆரம்பிக்கும், மிச்சத்தையும் கரைத்தே வையுங்கள்.

மண்டியைத் தடுக்க நல்ல வழி சிட்ரிக் அமிலம். ஒரு பங்கு சிட்ரிக் அமிலத்தூளை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசல் ஒரு லிட்டருக்கு ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் நான்கு லிட்டர் என்று கலக்கவேண்டும். அரிப்பும் வேகமாகும், நாசிலும் அடைக்காது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த திரவத்தை எக்காரணம் கொண்டும் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அந்த ஆவி நுரையீரலுக்கும் கேடு, வீட்டிலுள்ள அத்தனை இரும்புக்கும் கேடு. சோடியம் பெர்சல்ஃபேட் கறை படுத்தாது, உள்ளே தெளிவாகத் தெரியும், லிட்டருக்கு 200 முதல் 250 கிராம். மெதுவானது, சூட்டில் தானாகச் சிதையும், இறுக்கி மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

40 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் கணக்குப்படி 110 கிராம் காப்பரைக் கரைக்கும், ஆனால் பாதியிலேயே வேகம் விழுந்துவிடும். 100க்கு 160 ஒரு பக்க போர்டில் மொத்தக் காப்பரே 4.9 கிராம்தான், மூன்றில் இரண்டு பங்கு கரைந்தாலும் 3.3 கிராம். 3 லிட்டரில் 45 போர்டு வாக்கில் தாராளமாக வரும்.

ஓட்டும்போது

ஸ்ப்ரே பட்ட உடனே காப்பர் பளபளப்பு போய் மங்கிய இளஞ்சிவப்பாகும். எல்லா இடமும் ஒரே நேரத்தில் மங்கினால் நாசில்கள் சரி. வட்டமாக ஒரு பகுதி மட்டும் பளபளத்தால் அந்தப் பக்க நாசில் அடைத்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள். ஓரத்தில் போர்டின் மஞ்சள் தெரிய ஆரம்பித்து நடுவுக்கு வர எடுக்கும் நேரம் மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்ல மெஷின். அதற்கு மேல் போனால் தூரத்தையோ ஆட்டத்தையோ திருத்தவேண்டும். டோனர் உரிந்து வந்தால் பம்பைக் குறை சொல்லவேண்டாம். அயர்ன் பாக்ஸ் சூடு போதவில்லை, அல்லது போர்டை ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்துத் துடைக்கவில்லை. டிரை ஃபிலிம் இந்த அழுத்தத்துக்கு அசையாது.

பம்ப் நின்று அரை நிமிடம் கழித்தே மூடியைத் திறக்கவேண்டும், துளி மிதந்துகொண்டிருக்கும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். போர்டை நேராகக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் பழுப்புப் படிவு ஒட்டும். முதலில் நீர்த்த சிட்ரிக் கரைசலில் அலசி, பிறகு தண்ணீரில் அலசுங்கள். வேலை முடிந்ததும் திரவத்தை வடித்துக் கேனில் அடைத்து, பம்பில் முதலில் சிட்ரிக் கரைசலும் பிறகு தண்ணீரும் ஓரிரு நிமிடம் ஓட்டவேண்டும். அப்படியே விட்டால் வால்வு ரப்பரில் படிகம் கட்டும், அடுத்த தடவை பம்ப் உறுமும், உறிஞ்சாது. ஸ்ப்ரேயர் பம்புக்கு டயஃப்ரம், வால்வு செட் தனியாகக் கிடைக்கிறது, பம்போடு சேர்த்தே ஒன்று வாங்கி வையுங்கள். மெஷினை டிரில், லேத், கருவிப்பெட்டி இருக்கும் அறையில் வைக்காதீர்கள். கடற்காற்றே நம் ஊரில் இரும்பைத் தின்கிறது, இதுவும் சேர்ந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

களைத்த திரவத்தைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. ரிச்சி தெருவுக்கு அருகே ஓடும் கூவத்துக்கு இனி ஒரு சொட்டுக் காப்பரும் வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊற்றி முதலில் ஸ்டீல் உல் அல்லது பழைய ஆணியைப் போட்டு ஓரிரு நாள் விடுங்கள், காப்பர் செந்நிறத் தூளாக அதன் மேல் படியும். அலுமினியம் ஃபாயில் போடவேண்டாம், ஹைட்ரஜன் கிளம்பிக் கொதிக்கும். பிறகு சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், நுரைத்துப் பொங்கும் என்பதால் பக்கெட்டில் பாதி காலியாக இருக்கவேண்டும். பி.எச். தாள் 8க்கும் 9க்கும் இடையே காட்டும்வரை சேர்த்து ஒரு நாள் தெளியவிட்டால் சேறு அடியில் தங்கும். தெளிந்த நீரில் பச்சையோ நீலமோ தெரிந்தால் இன்னும் காப்பர் இருக்கிறது என்று பொருள், சோடா போதவில்லை. சேற்றைத் துணியில் வடித்து, வெயிலில் காயவைத்து, மூடிய டப்பாவில் பெயர் எழுதிச் சேமியுங்கள். கழிவு அனுமதி வைத்திருக்கும் பி.சி.பி. தொழிற்கூடம் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்கள் கழிவோடு இதையும் சேர்த்து அனுப்ப முடியும். அபாயக் கழிவு மையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது.